ஊறிய ஏழு நாள்

அணுக்கழிவில் இருக்கும் சீசியத்தைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, ஒரு வில்லையாக வார்த்திருந்தார்கள். ஏழு நாள் வெந்நீரில் ஊறினாலும் அது உள்ளே இருப்பதைக் கக்கக் கூடாது. கக்கும் கண்ணாடியை நம்பி மண்ணுக்கடியில் புதைத்தால் ஊர்க் கிணறெல்லாம் நஞ்சாகிவிடும். வில்லைக்கும் அது தெரியும்.

அதைச் சோதிக்க, வில்லையைப் போட்டிருந்த குப்பிக்குள் சுடச்சுட வந்த தண்ணீரோ வாயாடி. மேகமாய்த் திரிந்தது, தாமரை இலையில் உருண்டது, ரயில் எஞ்சினில் ஆவியாய்க் கூவியது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னது. வில்லைக்கு அதுவரை யாரும் கதை சொன்னதில்லை.

ஏழாம் நாள் தண்ணீர் கேட்டது: "என் வயித்துல இருந்ததையெல்லாம் கொட்டிட்டேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லக் கூடாதா?"

வில்லைக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"சரியான கல்லு நீ," என்றது தண்ணீர். அந்தக் கோபம் ஆறுவதற்குள் மாணவி தில்லைவாணி வந்து அதைச் சோதனைக்கு ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் குரல் கேட்டது: "மேடம், தண்ணியில சீசியம் துளிகூட இல்லை! வில்லையோட எடையும் அப்படியே இருக்கு!"

"நோட்டுல எழுதும்மா," என்றார் பேராசிரியர் ஹெலன்.

அவள் எழுதினாள்: "இழப்பு ஏதுமில்லை."

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. வாரம் ஒரு புதுத் தண்ணீர் வந்தது. எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "உள்ளே என்ன வச்சிருக்கே?"

"ஒரு தண்ணி இருந்துச்சு," என்று ஆரம்பிக்கும் வில்லை. "ஒருதடவை அது ரயில் எஞ்சின்ல ஏறிக் கூவுச்சாம்..."