ரம்பத்தின் மறுமுனை

வெள்ளத்தில் மின்சாரம் போய், தச்சர் மாசிலாமணியின் அறுப்பு மிஷின்களெல்லாம் செத்துக் கிடந்தன. ஊறிப்போன வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஜன்னல் கம்பிமேல் ஏறி நின்ற மனைவி பொன்னம்மைக்குக் கழுத்துவரை தண்ணீர். அவர் கூரையேறி ஓடுகளைப் பிய்த்தெறிந்தார். அடியில், அவரே இடுக்கில்லாமல் பொருத்திய தேக்குப் பலகை மச்சு. உளியால் துளைபோட்டு, கைரம்பத்தை நுழைத்து அறுத்தார். பாவி, ஏன்தான் இத்தனை கனத்தில் பலகை போட்டேனோ! பாதியில் தோள் மரத்துப்போயிற்று.

“நான் இழுக்கேன், நீங்க தள்ளுங்க!”

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் ரம்பத்தின் நுனியைப் பிடித்திருந்தாள். அவர் தள்ள, அவள் இழுக்க, பலகை அறுபட்டுக்கொண்டே வந்தது.

“இன்னும் ஒரு சாண்தான், பொன்னம்மை!”

அறுத்த பிளவின் வழியே தண்ணீர் மேலே கசிந்து வந்தது. ரம்பம் மட்டும் கீழிருந்து இழுபட்டுக்கொண்டே இருந்தது.