மதில் தாண்டிய நாலு கம்பி

லியோ பிரபு வீட்டில் கீழ்க் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் கல்யாண வீடியோ, மாடிக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பே முடிந்துவிடும். நம்பாதவர்கள் வரதராஜன்பேட்டைக்கு வந்து அவனையே கேட்கலாம்.

இன்றைக்கு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் வீடியோ எடுத்த மீன்சுருட்டிக் கல்யாணத்து மாப்பிள்ளை ராத்திரி துபாய்க்கு பிளைட் ஏறுகிறார். கையில் வீடியோ இல்லாமல் அவர் போனால், அந்தப் பக்கம் இனி ஒரு முகூர்த்தத்துக்கும் லியோவைக் கூப்பிட மாட்டார்கள்.

"போன மாசம் வரைக்கும் பறந்துச்சு அறிவு. இப்ப நகரவே மாட்டேங்குது" என்றான், ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த மெக்கானிக் அறிவரசனிடம்.

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா சவரியார் குரல் கொடுத்தார். "எலிதான்டா. ஆலத்தியூர் சிமெண்ட் பேக்டரியிலேருந்து லாரியில வந்து இறங்குன எலி. சிமெண்ட் தின்னு வளர்ந்ததுக்கு வயரெல்லாம் இடியாப்பம்."

"சும்மா இருங்கப்பா."

அறிவரசன் டெஸ்டரை மாட்டிப் பார்த்தான். "வயருக்குள்ள எட்டுக் கம்பிண்ணே. எட்டும் சேர்ந்தாத்தான் பறக்கும். இதுல நாலுதான் மாடிக்குப் போகுது."

"மீதி நாலு?"

"பெரிய எலிப்பா" என்றார் சவரியார்.

வெளிச்சுவரில் ஏறும் வயரைத் தடவிக்கொண்டே போனார்கள். பாதி வழியில் உறை கிழிந்திருந்தது. நாலு கம்பிகள் மட்டும் பிரிந்து, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு மலர்க்கொடியின் அடுப்படி ஜன்னலுக்குள் போயிருந்தன.

லியோ மதிலுக்கு மேல் தலையை நீட்டினான்.

"அக்கா, ஓசி நெட்டு வேணும்னா வாயத் திறந்து கேக்கலாம்ல? வயரை வெட்டித் திருடணுமா?"

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

"எப்படி வேணா நினைச்சுக்க தம்பி."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

"திமிரைப் பாத்தியா" என்று லியோ திரும்பினான். அறிவரசன் அங்கே இல்லை. கம்பியின் மறுமுனையைத் தேடி லியோ வீட்டுக்குள்ளேயே போயிருந்தான்.

"அண்ணே, இங்க வாங்க. அந்த நாலுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா கட்டிலுக்குப் போகுது."

சவரியார் அவசரமாகப் போர்வையைக் கீழே இழுத்துவிட்டார். "எலி வளை இருக்கும்டா, கைய விடாத."

லியோ போர்வையை விலக்கினான். கட்டில் காலில், தரையை ஒட்டி ஒரு காலிங்பெல் பட்டன். இவ்வளவு கீழேயா?

அழுத்தினான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஏதோ பாத்திரம் உருண்டது. மாவு ஒட்டிய கையோடு மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள் மலர்க்கொடி.

"என்ன பெரியப்பா, மறுபடியும் விழுந்துட்டீங்களா?"

லியோ அப்பாவின் பக்கம் திரும்பினான்.

சவரியார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீயும் உன் பொண்டாட்டி கிறிஸ்டியும் விடியறதுக்குள்ள கல்யாணத்துக்குக் கிளம்பிடுறீங்க. போன மாசம் ஒரு நாள் போன் கட்டில் மேல கிடக்கு, நான் தரையில கிடக்கேன். இவதான் சத்தம் கேட்டு வந்து தூக்குனா, அப்புறம் ஆள் வச்சு அந்த வயர்லயே மணியும் கட்டிக் குடுத்தா. உன்கிட்ட சொன்னா கேமராவப் பரண்ல போட்டுட்டு எனக்குக் காவல் இருப்ப. அதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"நாலையும் மாடிக்கே சேர்த்துடவாண்ணே?" என்றான் அறிவரசன்.

"தொடாத. மாடிக்கு வேற வயர் இழுத்துக்கலாம். இப்போதைக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக் குடு, கையிலயே மேல கொண்டுபோறேன்."

படியேறப் போனவன் நின்றான். மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா... மணிச் சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்குதுல்ல?"

"நீ திட்டுனதும் நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி. ஆனா நான் மணிக்குத்தான் வருவேன்."