பசி என்று எண்ணியது

இப்போதுதான் விடிகிறது. பச்சைச் சாயத்தைக் கொட்டிக் கலக்கியதுபோல் மீன்பண்ணைக் குளம் முழுவதும் பாசி தடித்துக் கிடக்கிறது. அதன்மேல் விழும் இளவெயில் மினுங்காமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. பாசியை விலக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கின்றன. கரை நெடுக ‘ப்ளக், ப்ளக்’ என்று மெல்லிய ஓசை எழுகிறது. பண்ணைக்காரர் மலர்ந்த முகத்தோடு பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்க்கிறார். “பாத்தியா, என்ன பசி! எனக்கு மீன் வளக்கத் தெரியாதுன்னு சொன்ன உன் அண்ணன், அடுத்த வாரம் வலை போடுறப்போ வாயடைச்சு நிக்கப்போறான்.” வாளியிலிருந்து தீவனத்தை அள்ளி வீசுகிறார். உருண்டைகள் மீன்களின் உதடுகளில் பட்டு விலகிப் பாசியில் ஒட்டிக்கொள்கின்றன. மனைவி குனிந்து ஒரு மீனைத் தொடுகிறாள். அது விலகி ஓடவில்லை. “பசின்னா தின்னாதாங்க? மூச்சுக்குத் தவிக்குதுங்க. தீவனத்தைக் குறைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? இத்தனை நாளும் பாசிக்குத்தான் சோறு போட்டிருக்கீங்க. அது ராவெல்லாம் தண்ணியில இருக்குற காத்தைக் குடிச்சுத் தீத்துடுச்சு.” கரையோரத்தில் ஒரு வெள்ளை வயிறு மெதுவாகப் புரண்டு மேலே வருகிறது, அதனருகில் இன்னொன்று. இரண்டாண்டுகளாக அவர் கையால் வளர்ந்தவை அவை. முழங்கால் வரை பச்சையில் இறங்கி, ஒரு பிடி தீவனத்தை அவற்றின் வாயருகே நீட்டுகிறார். “ஒரே ஒரு வாய்… தின்னுங்கடா.”