தண்ணீர் இறங்கவில்லை

"இன்னிக்குக் காரணம் தெரிஞ்சாகணும். அப்பாவோட வேலைதான்னு ஆச்சுன்னா, நாளைக்கே முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டுருவேன். அப்புறம் நீ மூக்கைச் சிந்தக் கூடாது."

மெக்கானிக் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கழிவறைக்குள் நுழைந்தான்.

"மெதுவாப் பேசுங்க. மாமா கூடத்துலதான் நிக்கறாரு," என்றாள் மனைவி.

காதில் விழட்டும் என்றுதான் அவன் உரக்கச் சொன்னதே.

லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அரை மணியில் கோளாறைச் சொல்லிவிடுவான் என்று பேர். அப்படிப்பட்டவன் வீட்டில், இருக்கிற ஒரே கழிவறையில், ஒரு வாரமாக ஃப்ளஷை அழுத்தினால் தண்ணீர் மேலே ஏறி நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. ஆள் வைத்துப் பார்த்தால் மானம் போகாதா? அதனால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்திருந்தான்.

தொட்டியின் மூடியைத் தூக்கினான். தண்ணீர் கோடு வரைக்கும் இருந்தது. மிதவை சரி. அடியில் இருந்த ரப்பர் மூடியும் முழுசாகத் திறந்துதான் மூடியது.

"தொட்டியில ஒண்ணுமில்ல. ஒரு வாளி தண்ணி கொண்டா."

ஒரே வீச்சில் ஊற்றினான். விளிம்பு வரை ஏறிய தண்ணீர் குளுக் குளுக்கென்று முனகிக்கொண்டு இறங்கியது.

"குழாய் வளைவுல அடைச்சிருக்கு. எதையோ போட்டிருக்காரு. நான் சொல்லலை?"

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன, நீயா நானா? சாப்பிட்டுக் கை கழுவின கையோட உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறாரு. ரெண்டே நிமிஷம். ஃப்ளஷ் சத்தம். மூணு வாரமா இதே கதை. அதுல யாருக்கு என்ன வேலை முடியும்?"

அம்மா போனபிறகு, இரண்டு மாதமாக அப்பா இவர்களோடுதான் இருக்கிறார். வந்த புதிதில் காலையில் உள்ளே போனால் அரை மணி ஆகும். வேலைக்கு ஓடுகிற நேரத்தில் மெக்கானிக் வெளியே ஒற்றைக்காலில் நிற்பான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துக் கிண்டல் செய்துவிட்டான். அப்பாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். மறுநாளிலிருந்து காலையில் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. நாசூக்காகச் சொன்னால் புரிந்துகொள்கிறார் என்று இவனுக்கு உள்ளூரப் பெருமைகூட.

"என்னங்க, மாமா ரொம்ப இளைச்சுட்டாரு," என்றாள் அவள் தணிந்த குரலில். "நேத்து பெல்ட்டுல ஆணியால புதுசா ஓட்டை போட்டுட்டிருந்தாரு. அது மூணாவது ஓட்டை."

"வயசானா இளைக்கத்தான் செய்யும். சாப்பாட்டுல ஏதாவது குறை வெக்கறாரா?"

"அதான் எனக்கும் புரியல. ஒரு பருக்கை மிச்சம் வெக்க மாட்டேங்கறாரு."

"அப்புறம் என்ன?"

ரப்பர் கிண்ணம் வைத்த கழியால் பத்துத் தடவை குத்தினான். அசையவில்லை. ஸ்பிரிங் கம்பியை வளைவுக்குள் விட்டுச் சுற்றினான். எதிலோ மாட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, நாலு முனையும் சேர்த்து முடிச்சுப் போட்டபடி வந்து விழுந்தது.

அது யாருடையது என்று அந்த வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"அப்பா! இங்க வாங்க!"

வாசலில் வந்து நின்றார். கண்கள் கைக்குட்டையைப் பார்த்ததும் தரைக்குப் போய்விட்டன.

மெக்கானிக் முடிச்சைக் கம்பியால் கிழித்தான். உள்ளே ஊறிக் கூழாகிப்போன சோறு. பல் படாத காய்த்துண்டுகள்.

"சோத்தைக் கொண்டு வந்தா இதுல கொட்டறீங்க? இவ அடுப்புல வெந்து ஆக்கிப் போடறா, உங்களுக்கு அவ்வளவு கொழுப்பா?"

"கைக்குட்டை போடணும்னு போடலப்பா. எப்பவும் சோத்தை மட்டும் உதறிட்டு எடுத்துருவேன். அன்னிக்குக் கை தவறி முடிச்சோட விழுந்துருச்சு. தண்ணியோட போயிருச்சுன்னு நெனச்சேன்."

"சோறு பிடிக்கலைன்னா தட்டுல வெச்சிருக்க வேண்டியதுதானே!"

"தட்டுல வெச்சா, சமையல் நல்லா இல்லையோன்னு மருமக மனசு சங்கடப்படும். குப்பையில போட்டாலும் அவதானே பார்ப்பா."

"மாமா..." என்றாள் அவள்.

"அப்ப எதுக்குச் சாப்பிடாம இருக்கீங்க?" மெக்கானிக்கின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"நீதானேப்பா அன்னிக்குச் சொன்னே, 'உள்ள போறதைக் குறைச்சா வெளிய வர்றது தானாக் குறையும்'னு. நியாயமாத்தான் பட்டுது. நீயும் நேரத்துக்கு வேலைக்குப் போகணும் இல்லையா? போன வாரம் தண்ணி நிக்க ஆரம்பிச்சதும், இன்னும் நான் போறதுதான் அதிகமோன்னு, ராத்திரி சாப்பிடறதையும் விட்டுட்டேன்."

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல இருந்தது. ஃப்ளஷை அழுத்தினான்.

தண்ணீர் ஒரே மூச்சில் சுழன்று இறங்கியது.

அப்பா மெல்ல எட்டிப் பார்த்தார். முகத்தில் மலர்ச்சி.

"அட, நல்லாப் போகுதே! அப்ப... மத்தியானம் நான் சாப்பிடலாமாப்பா?"