இடைவேளையில் கைமாறியவன்

கபடியில் இசக்கியின் அணி பன்னிரண்டு புள்ளி முன்னிலை. அப்படியிருந்தும் இடைவேளையில், மாசானத்தின் மூத்த மகனான அவனை எதிரணிக்குக் கொடுத்து அங்கிருந்து வேறொருவனை வாங்கிவிட்டது, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கணிப்பொறி.

"செயிக்கிற டீமை எதுக்குவே பிரிக்கீரு?" என்று பயிற்சியாளர்மேல் பாய்ந்தார் மாசானம்.

"இன்னும் நல்லா செயிக்கலாம்னு மிஷின் சொல்லுது, பெரியவரே."

"அது என்னைக்காவது மண்ணுல உருண்டிருக்காவே?"

இரண்டாம் பாதியில் இசக்கி, தன் பழைய அணிக்குள்ளேயே 'கபடி கபடி' என்று பாடி வந்தான். அவனை மடக்க நின்ற தம்பி பேச்சிமுத்து, எப்போதும் கைகோத்து மடக்கிய பழக்கதோஷத்தில் அண்ணனிடமே கையை நீட்டினான். அண்ணனும் பாட்டை விட்டுவிட்டு, அந்தக் கையைக் கோத்துக்கொண்டு, யாரைப் பிடிக்கலாமென்று எதிரே பார்த்தான்.

நடுவர் விசில் ஊதினார். இசக்கி அவுட். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சிரிச்சது போதும்ல!" மாசானம் களத்துக்குள் இறங்கினார். "அந்தக் கைய எவன் பிரிக்கான்னு பாக்கேன்!"