மாறாத மதிப்பு

ராஜபாளையம் மில்லில் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்த ஜெபக்குமார், மனைவி லேப்டாப்பில் பாடம் கேட்பதைப் பார்த்தார்.

“இருவது வருசமா புரோகிராம் எழுதுத. இப்ப எதுக்கு ஹெப்சிபா, புதுசா ஃபங்ஷனல் புரோகிராமிங்? புரமோஷனுக்கா?”

“இல்லங்க. பழைய முறையில ஒவ்வொரு மதிப்பும் எங்கெங்க மாறுதுன்னு மனசுல வச்சுக்கிட்டே எழுதணும். இதுல ஒருதரம் வச்சது மாறாது. கண்ணு முன்னால உள்ள நாலு வரியப் பார்த்தாப் போதும்.”

“ஒனக்கா அது கஷ்டம்? ஆபீசே ஒன் ஞாபகசக்தியத்தான மெச்சும்!”

அவள் பாடத்தை நிறுத்தினாள்.

“தலைவலின்னு மதுரைக்குப் போனேன்லா? மறதி நோயோட ஆரம்பம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. முடிஞ்ச மட்டும் வேலைய விடாம பார்க்கணும்.”

ஜெபக்குமார் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“மொதப் பாடத்துலருந்து போடு. நானும் படிக்கேன்.”