செயின் பார்த்த கை

"ஸ்டார்ட் பண்ணதும் கரகரன்னுச்சே, டைமிங் செயின் தேஞ்சிருக்குமோ?" என்றார் துளசிங்கம்.

பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைக்கு எதிரே மாசிலாமணியின் மெக்கானிக் ஷெட். ஒரு பழைய டீசல் கார் அங்கே விற்பனைக்கு நின்றது. அதை வாங்க வந்தவர் துளசிங்கம்.

"வாரத்துல மூணு நாளு வீட்டம்மாவ டயாலிசிஸுக்கு பொன்னேரி கூட்டினு போவணும். நடுவழியில செயின் அறுந்தா அவ கதி?"

"செயின் இன்ஜினுக்குள்ள இருக்கு, முன்பக்கம் கழட்டினா ஒரு நாள் ஆவும் சார். ஆயில் ஊத்துற ஓட்டையில கைய வுட்டுப் பாத்துடலாம். என் கை நுழையாது. காசியம்மா, இப்டி வா!"

வாசலில் நண்டுக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"இந்தம்மாவா? வண்டியப் பத்தி இவங்களுக்கு இன்னா தெரியும்?"

"ஏரிச் சேத்துல நண்டையும் எறாலையும் வெறுங்கையால தடவியே புடிக்கிறவ. இந்த ஊரு வண்டி பாதிக்கு அவதான் செயின் பாத்தா. அந்தக் கை பொய் சொல்லாது சார்." மாசிலாமணி அவள் பக்கம் திரும்பினான். "இன்னாம்மா, படகு வாங்கப் போறியாமே?"

"வாங்கினாதான் ஆச்சு. இந்த முட்டிய வெச்சினு இனிமே தண்ணியில நிக்க முடியாதுண்ணா," என்று சிரித்தாள்.

மாசிலாமணி கார் சாவியை உருவி அவளிடம் கொடுத்தான். யாரும் தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிவிடாதபடி, இன்ஜினுக்குள் கை விடுகிறவர் இடுப்பில்தான் சாவி இருக்க வேண்டும். அந்த ஷெட்டில் அது சட்டம்.

சாவியைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, கையை நுழைத்தாள். சேற்றில் நண்டைத் தேடுவதுபோல் உள்ளே மெல்லத் தடவினாள்.

"சொல்லும்மா, வாங்கலாமா?" துளசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"வாணாங்க." கையை வெளியே எடுத்தாள். "செயின் தொங்குது. தூக்கினா விரலோட வருது. அது ஓடுற சக்கரத்துப் பல்லெல்லாம் தேஞ்சு கொக்கியா வளைஞ்சிருக்கு. வீட்டுக்காரம்மாவ இதுல ஏத்தாதீங்க."

"அடேயப்பா, கையா அது!" துளசிங்கம் கும்பிட்டே விட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. ஆனா வியாபாரத்தக் கெடுத்துட்டீங்களே, வண்டி ஓனரு உங்கள சும்மா வுடுவாரா? சாவியக் குடுத்துட்டு சீக்கிரம் கெளம்புங்க."

காசியம்மாள் விரல்களிலிருந்த ஆயிலைத் துடைத்தாள். இடுப்புச் சாவியைத் தொடவேயில்லை.

"செயின மாத்திடுண்ணா," என்றாள் மாசிலாமணியிடம். "அப்புறமா இவருக்கே குடு. செத்துப்போன என் வீட்டுக்காரரு ஓட்டின வண்டி, நோயாளியோட நடுரோட்டுல நிக்கக் கூடாது. படகு மெதுவா வாங்கிக்கறேன்."